திருப்பி அனுப்பிய ஒயின்

பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு எக்செல் ஷீட்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அதில் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். நான் ஓய்வு பெறுகிற வரைக்கும் இரண்டு விரலால்தான் டைப் அடித்தேன். சாம்பிள், ஷேடு, ஷிப்பிங் எல்லாம் ஆறே மாதத்தில் உங்களுக்குப் பழகிவிடும். சரக்கு வாங்க வரும் வெளிநாட்டு பையரைச் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்துவிட்டு என்ன செய்வது என்பதை மட்டும் எவனும் சொல்லித் தரமாட்டான். அதிலும் குறிப்பாக, இனிப்பே இல்லாத அந்தச் சிவப்பு ஒயினை, அவர்கள் டிரை ரெட் என்பார்களே, அதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று. சிரிக்காதீர்கள். என் வேலை போயிருக்க வேண்டிய ஒரு மத்தியானம் அந்த ஒயினுக்குள்தான் இருக்கிறது.

முதலில் நம் ஆட்களின் குணத்தைச் சொல்லிவிடுகிறேன். மெர்ச்சண்டைசர் என்பவன் பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிறவன். அதனால் அவன் எதையும் தானாக முடிவு செய்யமாட்டான். பொத்தான் என்ன நிறம்? பையரைக் கேள். லேபிளை அரை இஞ்சு இறக்கலாமா? பையர் அப்ரூவல் வரட்டும். பதினைந்து வருடம் இப்படியே வேலை பார்த்ததில் எனக்குச் சொந்தமாக ஓர் அபிப்பிராயம் கூட இல்லாமல் போயிருந்தது. ராத்திரிக்குத் தோசையா உப்புமாவா என்று மனைவி கேட்டால், இரண்டிலும் சாம்பிள் போடு, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்பேன். அவள் இரண்டையும் போடாமல் தூங்கிய நாட்களும் உண்டு.

அப்படிப்பட்டவனிடம்தான் முதலாளி ஒரு வெள்ளிக்கிழமை வந்து நின்றார். இத்தாலியிலிருந்து லூசியா என்கிற பையர் வந்திருந்தார். வேலம்பாளையம் யூனிட்டில் இரண்டு தையல் லைன் முழுக்க அவருக்கு மட்டும்தான் தைத்துக்கொண்டிருந்தது. அந்த சீசனுக்குப் பர்கண்டி நிறத்தில், அதாவது ஒயின் நிறத்தில், ஓரத்தில் மெல்லிய வெள்ளைப் பைப்பிங் வைத்த டி-ஷர்ட். சரக்கு பெட்டி கட்டித் தயாராக இருந்தது. திங்கட்கிழமை மத்தியானம் கோயமுத்தூரில் சாப்பிட்டுவிட்டு, ஷிப்பிங் பேப்பரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாயந்திரம் விமானம் ஏறுகிறார் என்பது ஏற்பாடு.

"தம்பி, அந்தம்மா ஊட்டுல திராட்சைத் தோட்டமே இருக்குதாமா. ஒயின் நல்லதா இருக்கோணும். அது உங்க பொறுப்புங்க" என்றார் முதலாளி.

"எனக்குப் பழக்கமில்லீங்களே."

"எனக்கு மட்டும் பழக்கமாக்கும்? நான் முருகனுக்கு மாலை போடறவன். நீங்க மெர்ச்சண்டைசர். பாத்துச் செய்யுங்க."

போகிற போக்கில் குரலைத் தணித்து இன்னொன்றும் சொன்னார். "அப்பறம் அந்த ரெண்டாவது பேட்ச் விசயம், வாயத் தொறந்துராதீங்க."

இரண்டாவது பேட்ச் விஷயம் இதுதான். பர்கண்டித் துணியை இரண்டு முறையாகச் சாயம் போட்டிருந்தோம். முதல் பேட்ச் அருமை. இரண்டாவதில் அவசரத்தில் சோப்புக் கழுவல் சரியாகப் போகவில்லை. சாயம் கழன்றது. துவைத்தால் வெள்ளைப் பைப்பிங் இளஞ்சிவப்பாகிவிடும். அது தெரிவதற்குள் துணி வெட்டித் தைத்து பெட்டிக்குள் போய்விட்டது. டெஸ்டுக்கு அனுப்பியது முதல் பேட்ச் துணியை மட்டும்தான். ரிப்போர்ட்டில் எழுதியது இரண்டு பேட்சுக்கும் சேர்த்து. அதில் கையெழுத்து யாருடையது என்று கேட்காதீர்கள். என்னுடையதுதான். சரக்கு இத்தாலிக்குப் போய், அங்கே யாராவது ஒருத்தி துவைத்துப் பார்த்தாளென்றால் லூசியா அத்தோடு சரி. இரண்டு லைனும் நின்றுவிடும். எனக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

ஒயினுக்கு வருவோம். அதுவரை எனக்குத் தெரிந்த ஒயின், கிறிஸ்துமஸுக்கு எதிர்வீட்டு டெய்லர் குடும்பம் கேக்கோடு கொடுத்தனுப்பும் ஒரு சின்ன டம்ளர். சர்பத்தைப் போலத் தித்திக்கும். ஒயின் என்றாலே இனிப்பு என்று நினைத்திருந்தேன். சனிக்கிழமை காலையில் கோயமுத்தூர் போய், மாலில் இருந்த கடையில், நான்கு வகைச் சிவப்பு டிரை ஒயின் வாங்கி வந்தேன். ஏன் நான்கு? பையருக்கு எப்போதும் நிறம் பார்க்க நான்கு துண்டுத் துணி, லேப் டிப், அனுப்புவோம், அதனால்தான்.

சாம்பிள் ரூமில் கமிட்டி கூடியது. நான், டையிங் மாஸ்டர், கட்டிங் மாஸ்டர். டையிங் மாஸ்டர் கண்ணில் பட்ட எதையும் ஷேடாகவே பார்க்கிறவர். கட்டிங் மாஸ்டர் திருநெல்வேலிக்காரர். மூன்று பேரில் அவருக்கு மட்டும்தான் குடித்துப் பழக்கம், அதுவும் ஒயின் இல்லை. பாட்டிலின் கார்க்கைத் திறக்க எங்களிடம் எதுவும் இல்லை. மெஷின் மெக்கானிக் வந்து ஒரு நீள ஸ்க்ரூவைக் கார்க்கில் முறுக்கி, குறட்டால் பிடித்து இழுத்துக் கொடுத்தார். நான்கு கண்ணாடி டம்ளரில் ஊற்றி ஏ, பி, சி, டி என்று ஸ்டிக்கர் ஒட்டினேன். ரிமார்க்ஸ் எழுத ஒரு ஷீட்டும் போட்டேன். இதுவரைக்கும் நான் எதிலும் தப்புச் செய்ததாக நினைக்கவில்லை.

டையிங் மாஸ்டர் நான்கு டம்ளரையும் தூக்கிக்கொண்டு நேராக லைட் பாக்ஸுக்குப் போனார். ஷேடு பார்ப்பதற்கென்றே பலவித விளக்குகள் போட்ட பெட்டி அது. ஒவ்வொரு விளக்காக மாற்றி மாற்றிப் பார்த்தார். பக்கத்தில் நம் பர்கண்டித் துணியையும் பிடித்துக்கொண்டார்.

"ஏ கொஞ்சம் ரெட்டிஷ்ஷுங்க. பி, டே லைட்ல சரியா இருக்குது, கடை லைட்ல ப்ளூ அடிக்குது. பையர் ஒத்துக்கமாட்டாங்க. சி தானுங்க நம்ம ஷேடு."

"மாஸ்டர், குடிச்சுப் பாக்கோணுமுங்க."

"அது எதுக்குங்க? ஷேடுதான் மேட்ச் ஆயிருச்சே."

அத்தோடு விட்டாரா? வெள்ளை ஜெர்சித் துணி நான்கு துண்டு வெட்டி, ஒவ்வொரு டம்ளரிலும் ஒன்றை முக்கினார். அரை மணி நேரம் கழித்து எடுத்து, சோப்புப் போட்டுத் தேய்த்து அலசி, வரிசையாகக் கிளிப் மாட்டிக் காயப் போட்டார். ஏ, பி, டி மூன்றும் வெளுத்துவிட்டன. சி மட்டும் கறையாக நின்றது. மாஸ்டர் அதைக் கையில் எடுத்து, மறுபடி தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு மரியாதையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"ஃபாஸ்ட்னஸ் பிரமாதமுங்க, சாயம் அசையல" என்றார். பிறகு என் காதருகில் வந்து, "நம்ம ரெண்டாவது பேட்ச்சவிட நல்லா இருக்குதுங்க" என்றார்.

பேச்சை மாற்றுவதற்காகக் கட்டிங் மாஸ்டர் பக்கம் திரும்பினேன். அவர் இதற்குள் நான்கு வகையையும் தலா இரண்டு முறை பார்த்து முடித்திருந்தார். ரிமார்க்ஸ் என்ன எழுதட்டும் என்று கேட்டேன்.

"நாலும் அப்ரூவ்டு சார். எதையும் ரிஜெக்ட் பண்ணப்புடாது. பாவம்லா" என்று சொல்லிவிட்டு, கட்டிங் டேபிளில் பாய் விரித்தது மாதிரி கிடந்த துணி அடுக்கின் மேல் படுத்துக்கொண்டார்.

நானும் ஒவ்வொன்றிலும் ஒரு வாய் குடித்தேன். எல்லாம் ஒரே மாதிரி இருந்தது. அதாவது எல்லாமே எதிர்வீட்டு ஒயின் கெட்டுப்போன மாதிரி இருந்தது. மெஜாரிட்டி முடிவின்படி சி-யைத் தேர்ந்தெடுத்து ஷீட்டில் கையெழுத்துப் போட்டேன். அன்று சாயந்திரம் வீட்டுக்குப் போனபோது என் மனைவி வாசலிலேயே மோப்பம் பிடித்துவிட்டு, ஆபீஸ் வேலை என்று நான் சொன்னதை நம்பாமல், தன் தம்பிக்குப் போன் போட்டது தனிக்கதை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சி பாட்டிலையும் ரிமார்க்ஸ் ஷீட்டையும் கறை பிடித்த துணியையும் எடுத்துக்கொண்டு, நாங்கள் மேசை பதிவு செய்திருந்த கோயமுத்தூர் ஹோட்டலுக்குப் போனேன். அந்த ரெஸ்டாரண்டின் கேப்டன் ஒரு பெண். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். மடத்துக்குளத்துக்காரர். ஏழு வருடம் உல்லாசக் கப்பலில் ஒயின் பரிமாறிவிட்டு ஊர் திரும்பியவர். பெயர் வேண்டாம். இன்று வரைக்கும் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த ஒரே ஆள் என்று நான் அவரைத்தான் சொல்வேன்.

ஷீட்டை முழுக்கப் படித்தார். கறைத் துணியைப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு சமையலறைக்குள் போனார். உள்ளே சிரிக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது முகத்தைச் சரி செய்துகொண்டு வந்தார்.

"ஏனுங்க சார், இதக் குடிக்கப் போறாங்களா, உடுத்தப் போறாங்களா?"

நான் கறைத் துணியை அவசரமாக மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"சரீங்க, உக்காருங்க. மொதல்ல சொல்லுங்க, என்ன சாப்பாடு?"

"பள்ளிபாளையம் சிக்கன், மட்டன் சுக்கா. முதலாளி சொல்லீட்டாருங்க. அவருக்கு மட்டும் சைவமுங்க."

அவர் என் சி பாட்டிலிலிருந்தே ஒரு மடக்கு ஊற்றிக் கொடுத்து, வாயிலேயே வைத்திருக்கச் சொன்னார். "நாக்கும் ஈறும் வறண்டு இழுக்குதுங்களா? பச்சைப் பாக்கு மென்ன மாதிரி? அதுக்குப் பேரு டானினுங்க. திராட்சைத் தோல்லயும் கொட்டைலயும் இருந்து வாரது. டிரைன்னா இனிப்பு இல்லாதது, அவ்வளவுதான். திராட்சைல இருந்த சர்க்கரையப் பூராத்தையும் ஈஸ்ட் தின்னுபோட்டுது. இனிப்பு போனதுக்கப்பறம் மிச்சம் என்ன நிக்குதோ அதத்தான் நாம பாக்கோணும். எத்தனை டானின், எத்தனை புளிப்பு, எத்தனை கனம்."

"கனம்னா ஜிஎஸ்எம் மாதிரிங்களா?" என்று கேட்டேன். துணி ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று நாம் பார்க்கிற கணக்கு.

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஆமாங்க, அப்படியே வெச்சுக்குங்களேன். வாய்க்குள்ள மெல்லிசாத் தண்ணியாட்ட ஓடுதா, பால் மாதிரி நின்னு போகுதா. உங்க சி வந்து கேபர்நேங்கற திராட்சை, நல்லாக் கனமானது."

பிறகு ஒரு கிண்ணத்தில் பள்ளிபாளையம் சிக்கன் வந்தது. ஒரு துண்டு தின்றுவிட்டு சி-யைக் குடிக்கச் சொன்னார். நான் குடித்தேன். மிளகாயும் டானினும் சேர்ந்து என் வாய்க்குள் நடத்தியதை எழுத்தில் சொல்ல முடியாது. கண்ணில் தண்ணீர் வந்து, தண்ணீர் ஜாடியைத் தேடினேன். அவர் அதை முன்பே எடுத்து ஒளித்து வைத்திருந்தார். அதற்குப் பதிலாக இன்னொரு கிளாஸை நீட்டினார். லேசான சிவப்பு, கிளாஸுக்குப் பின்னால் விரலை வைத்தால் இந்தப் பக்கம் தெரிகிறது. டையிங் மாஸ்டர் பார்த்திருந்தால் ஷேடு லைட் என்று அப்போதே கொட்டியிருப்பார். குடித்தேன். காரம் அடங்கியது. இனிப்பு இல்லை, ஆனால் பழத்தின் வாசம் இருந்தது. முதல் முறையாக, குடிக்க நன்றாக இருக்கிறதே என்று தோன்றியது.

"இது பினோ நுவாருங்க. காரச் சாப்பாட்டுக்கு டானின் கம்மியா, பழ வாசம் தூக்கலா இருக்கறதா எடுக்கோணும். காரமில்லாத கறின்னா உங்க சி நல்லாவே இருக்கும், அதுவும் பாவம் என்ன பண்ணும்? ரூம் டெம்பரேச்சர்ல குடிக்கச் சொல்லி எல்லாரும் சொல்லுவாங்க. அந்த ரூமு ஐரோப்பால இருக்குதுங்க. நம்மூர் மே மாசத்து ரூமு இல்ல. அரை மணி நேரம் ஃபிரிட்ஜ்ல வெச்சு எடுத்தாப் போதும். ஐஸ் மட்டும் போட்டுராதீங்க."

நான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். கடைசியில் என் தொழில் புத்தி எட்டிப் பார்த்தது. "நாளைக்கு மேடம்கிட்ட மொதல்ல கொஞ்சம் ஊத்திக் குடுத்து, அப்ரூவல் வாங்கிக்கலாமுங்களா?"

"ஐயோ, கூடாதுங்க. விருந்து குடுக்கறவங்கதான் மொதல்ல மோந்து பாக்கோணும். விருந்தாளி தலைல கட்டக்கூடாது. நல்லா இருக்குதுன்னா தலையாட்டோணும். கெட்டிருந்துச்சுன்னா வேண்டாம்னு சொல்லோணும். பிடிக்கலைங்கறதுக்காகத் திருப்பக் கூடாது, கெட்டிருந்தா மட்டும்தான். அத நாங்க தப்பா எடுத்துக்கமாட்டமுங்க. கெட்டதக் குடிச்சுட்டு சூப்பர்னு சொல்றவங்களப் பாத்தாத்தான் எங்களுக்குச் சங்கடமா இருக்கும்."

திங்கட்கிழமை மத்தியானம். நான்கு பேர் உட்காரும் மேசையில் முதலாளி, எதிரில் லூசியா, முதலாளிக்குப் பக்கத்தில் நான். லூசியாவுக்கு ஐம்பது வயது இருக்கும். நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருப்பார். அதிகம் பேசமாட்டார். கேட்கிற கேள்விக்குப் பதில் வருகிற வரைக்கும் கண்ணை எடுக்கமாட்டார். ஷிப்பிங் பேப்பர் அவர் கைப்பையில் இருந்தது. மேசைக்குக் கீழே என் கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

கேப்டன் வந்து நின்றார். நான் பினோ நுவார் என்று வாயைத் திறப்பதற்குள் முதலாளி ஒயின் பட்டியலை வாங்கிக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். இத்தாலி ஒயின், பத்து வருடம் பழசு. அதன் மேல் விரலை வைத்தார்.

"அம்மணி, இதக் கொண்டாங்க."

"ஐயா, காரச் சாப்பாட்டுக்கு இது கொஞ்சம் கனமா இருக்குமுங்க. சார்கிட்ட லேசா ஒண்ணு..."

"கனமாவே இருக்கட்டும் அம்மணி. இருநூத்தி நாப்பது ஜிஎஸ்எம் கேக்கறவங்களுக்கு நூத்தி நாப்பது குடுத்தா மரியாதையா?"

ஜிஎஸ்எம் பாடத்தைக் காரில் வரும்போது நான்தான் அவருக்கு நடத்தியிருந்தேன். அரைகுறையாகக் கற்றதை அடுத்தவருக்குக் கற்பிக்கக் கூடாது என்று அப்போது புரிந்தது.

பாட்டில் வந்தது. கேப்டன் முறைப்படி முதலாளியின் கிளாஸில் ஒரு மடக்கு ஊற்றிவிட்டுக் காத்திருந்தார். முதலாளி கிளாஸைப் பார்த்தார், மாலை போட்ட கழுத்தைத் தடவினார், கிளாஸைத் தொடாமலே, "சூப்பர் மேடம். பெஸ்ட் குவாலிட்டி" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, மரியாதைக்கு யாராவது குடிக்க வேண்டுமே என்று அதை என் பக்கம் நகர்த்தினார்.

நான் மூக்கருகே கொண்டுபோனேன். அந்த வாசம் எனக்குத் தெரியும். ஒயினில் இல்லை, வேறு எங்கேயோ. திராட்சை இல்லை, பழம் இல்லை. மறுபடி மோந்தேன். அட, ஈரப் பெட்டி! ஐப்பசி மழையில் தூத்துக்குடித் துறைமுகத்தில் நனைந்த அட்டைப் பெட்டிகளை நாலு நாள் கழித்துத் திறந்தால் குப்பென்று அடிக்குமே, அந்தப் பூஞ்சை வாசம். பேக்கிங் பக்கம் ஒரு மழைக்காலம் வேலை பார்த்த எவனுக்கும் அது மறக்காது. அந்த வாசம் வந்தால் சரக்கைத் தள்ளு என்பதைத் தவிர எங்களுக்கு வேறு சட்டம் கிடையாது.

ஆனால் முதலாளி சூப்பர் என்று சொல்லியாகிவிட்டது. பட்டியலிலேயே பெரிய பாட்டில். மேசைக்கு எதிரில் திராட்சைத் தோட்டத்துக்காரர். நானோ மூன்று நாள் முன்பு வரை ஒயின் என்றால் தித்திக்கும் என்று நினைத்திருந்தவன். எனக்கு ஒருவேளை மூக்கில் கோளாறோ? பத்து வருடம் பழசானால் இப்படித்தான் இருக்குமோ? தலையாட்டிவிட்டால் எல்லாருக்கும் நல்லது. பதினைந்து வருடமாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன். தலை பாதி ஆடியும் விட்டது. அப்போது கேப்டன் என் முகத்தைப் பார்த்தார்.

"இது கெட்டிருக்குதுங்க. வேண்டாம்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

முதலாளியின் வாய் திறந்தபடி நின்றது. கேப்டன் கிளாஸை வாங்கி மோந்து பார்த்தார். "ஆமாங்க சார். கார்க்குல பூஞ்சை புடிச்சிருக்குது. மன்னிச்சுக்குங்க, வேற கொண்டு வரேன்" என்று சொல்லி, பாட்டிலை எடுத்துக்கொண்டு போனார். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை.

லூசியா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். "ஊற்றும்போதே எனக்கு இங்கே வரைக்கும் வாசம் வந்தது. யார் குடிக்கப்போகிறீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்." பிறகு கைப்பையைத் திறந்து ஷிப்பிங் பேப்பரை மேசையில் வைத்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார். முதலாளியை விட்டுவிட்டு நேராக என்னைப் பார்த்துக் கேட்டார். "பெட்டிகள் எல்லாம் சரியாக இருக்கின்றன, இல்லையா?"

"ஆல் ஓகே மேடம். ஹண்ட்ரட் பர்சென்ட்" என்றார் முதலாளி. ஒயினை மோக்காமலே சூப்பர் என்றாரே, அதே குரல்.

எனக்கு மூக்கில் அந்தப் பூஞ்சை வாசம் இன்னும் போகவில்லை. ஒரு பாட்டிலுக்கு வேண்டாம் என்று சொன்ன வாய், அடுத்த நிமிடம் நம் துணிக்கு மட்டும் எப்படி ஆமாம் என்று சொல்லும்? சொல்லத்தான் பார்த்தேன். வரவில்லை. வேலம்பாளையத்தில் அந்த நேரத்துக்கு இரண்டு லைனும் ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைத்தேன்.

"முதல் பேட்ச் சரியாக இருக்கிறது மேடம். இரண்டாவது பேட்ச் சாயம் கழலும். ரிப்போர்ட் தப்பு. கையெழுத்துப் போட்டது நான்தான்" என்றேன்.

முதலாளி மேசைக்குக் கீழே என் காலை ஓங்கி மிதித்தார். எனக்கு வலிக்கவில்லை. லூசியாதான் முகம் சுளித்துத் தன் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. லூசியா பேனாவை மூடினார். கைப்பைக்குள் மறுபடி கையை விட்டு, ஒரு பாலித்தீன் கவரை எடுத்து, அதிலிருந்ததை மேசையில், பள்ளிபாளையம் சிக்கனுக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரு ஜோடி சாக்ஸ். இளஞ்சிவப்பு நிறம்.

"சனிக்கிழமை கட்டி வைத்த உங்கள் பெட்டியிலிருந்து ஒரு பீஸ் எடுத்துப் போனேன். ஹோட்டல் பாத்ரூமில் இதோடு சேர்த்துத் துவைத்தேன். அதுவரை இது வெள்ளை" என்றார். ஆர்டரை நிறுத்தச் சொல்லி மெயில் எழுதி வைத்திருப்பதாகவும், அனுப்புவதற்கு முன் எங்களில் யாராவது வாயைத் திறக்கிறார்களா என்று பார்க்கத்தான் சாப்பாட்டுக்கு வந்ததாகவும் சொன்னார். பிறகு பேப்பரைத் தன் பக்கம் இழுத்து, முதல் பேட்சின் பெட்டி எண்களை மட்டும் என்னிடம் கேட்டு எழுதி, அதற்குக் கையெழுத்துப் போட்டார். இரண்டாவது பேட்சைப் புதிதாகச் சாயம் போட்டுத் தைத்து அனுப்ப ஐந்து வாரம் கொடுத்தார்.

முதலாளி சாக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை எடுத்து, பழக்க தோஷத்தில் இழுத்துப் பார்த்து, திருப்பிப் பார்த்து, என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, இது ரெண்டாவது பேட்ச்தானுங்களே?"

"ஆமாங்க."

"ஆமா. நல்லாத் தெரியுது." பெருமூச்சு விட்டார். பாட்டிலைத் திருப்பினது சரி, நம்ம துணியையும் எதுக்குங்க திருப்பினீங்க என்று என்னைக் கேட்க நினைத்திருந்தாராம். பின்னால் ஒரு நாள் அவரே சொன்னார். ஆனால் அந்த மேசையில் அவர் லூசியா பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தை எல்லாம் திரட்டிக்கொண்டு, "சாரி மேடம். சாக்ஸ், வீ ரீப்ளேஸ். ஒயிட். டூ டஜன்" என்றார். அந்த அம்மாள் முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடிக்கவே நேரமானது.

கேப்டன் புதுப் பாட்டிலோடு வந்தார். யாரும் பெயர் சொல்லவில்லை, அவரே பினோ நுவாரைத்தான் கொண்டு வந்திருந்தார். வழக்கப்படி முதலாளியின் கிளாஸுக்குப் பாட்டிலைச் சாய்க்கப் போனார். முதலாளி கிளாஸை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, தலையால் என்னைக் காட்டினார்.

"அவருக்கு ஊத்துங்க அம்மணி. அவரு வேண்டாம்னு சொன்னா வேண்டாம்."

என் கிளாஸில் ஒரு மடக்கு விழுந்தது. மோந்து பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. முதல் மூச்சிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் முதலாளி நாற்காலி நுனிக்கு வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் தலையாட்ட அரை நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டேன்.